கொண்டோவில் (அடுக்குமாடியில்) மின்சார வண்டி: எந்த அறிகுறிக்கு என்ன காரணம், என்ன செய்ய வேண்டும்

முதலில் அவசரம். காரின் அடியிலிருந்தோ ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்தோ இந்த நிமிடம் புகை வந்துகொண்டிருந்தால் மேற்கொண்டு படிக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டி வாருங்கள், வரும்போது கதவைச் சாத்துங்கள், லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் இறங்குங்கள், 999-ஐ (மலேசிய அவசர எண்) அழையுங்கள். "மின்சார வண்டி, பேஸ்மெண்ட் இரண்டாம் தளம், சார்ஜில் இருந்தது" என்று சொல்லுங்கள். பொம்பாக்காரர்கள் (தீயணைப்புப் படையினர்) எந்தத் தயாரிப்போடு உள்ளே இறங்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

இனி நிதானமாகப் பார்க்கலாம். கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து அடுக்குமாடிகளில் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். மின்சாரக் கார்கள் பெருகிய பிறகு எனக்கு வரும் அழைப்புகளில் காரின் பேட்டரியைப் பற்றியவை குறைவு. பிளக் உருகியது, பிரேக்கர் விழுகிறது, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது, இப்படித்தான் வரும். காரின் பேட்டரி தானாகத் தீப்பிடிப்பது அரிது. வயரிங் சூடாவது அரிதல்ல. ஆனால் அது தீயாகும் முன் பல நாள் அறிகுறி காட்டும். அந்த நாள்களில் யாராவது கவனித்தால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். டிபி பாக்ஸ் என்பது வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி. அதில் இரண்டு வகை பிரேக்கர் உண்டு. எம்சிபி, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் விழும். ஆர்சிசிபி, மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் விழும். எங்கேயோ ஒரு முனை லூசாகிச் சூடேறினால் பெரும்பாலும் இரண்டுமே விழாது. ஓடும் மின்சாரம் கூடவும் இல்லை, கசியவும் இல்லை, அதனால் அவற்றுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்கச் சாதாரண வீட்டு டிபியில் எந்தக் கருவியும் கிடையாது. உங்கள் கையும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளக் சுடுகிறது, அல்லது மீன் வாடை அடிக்கிறது

காரோடு கொடுக்கும் சிறிய சார்ஜரை சாதாரண மூன்று முள் பிளக்கில் போடுகிறவர்களுக்கு இது. இருப்பதிலேயே அதிகம் அலட்சியப்படுத்தப்படும் அறிகுறியும் இதுதான்.

அந்த சார்ஜர் பெரும்பாலும் 10 ஆம்பியர் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 2.3 கிலோவாட். "கெட்டலும் அவ்வளவுதானே இழுக்குது?" என்று கேட்பார்கள். சரிதான், ஆனால் கெட்டல் சில நிமிடத்தில் அணைந்துவிடும். 60 கிலோவாட் மணி பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்ற 36 கிலோவாட் மணி வேண்டும். அதாவது அதே சாக்கெட் பதினாறு மணி நேரம் இடைவிடாமல் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பழைய கொண்டோவின் கார் நிறுத்துமிடத்தில், வேக்கம் கிளீனர் போடுவதற்காக வைத்த சாக்கெட் அதற்குப் பொறுப்பில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது? சாக்கெட்டின் உள்ளே முள்ளைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துவிடும். அல்லது பின்னால் வயரை இறுக்கும் திருகு தளர்ந்துவிடும். அந்த இடத்தில் வெறும் 0.3 ஓம் தடை வந்தாலே போதும், 10 ஆம்பியரில் 30 வாட் வெப்பம் அங்கேயே உருவாகும். 30 வாட் என்பது ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சக்தி. அது சுவருக்குள் விடிய விடிய எரிந்துகொண்டிருக்கிறது. சூடு ஏற ஏறத் தகடு இன்னும் தளரும், தடை இன்னும் கூடும்.

சோதிப்பது எளிது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் புறங்கையால் பிளக்கின் முதுகைத் தொடுங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் சார்ஜை நிறுத்துங்கள். முதலில் காரிலோ சார்ஜரிலோ நிறுத்தி, பிறகு சுவிட்சை அணைத்து, ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஃபியூஸ் இருக்கும் பக்கத்து முள்ளை உற்றுப் பாருங்கள். கெட்டுப்போகத் தொடங்கிய பிளக்கில் பெரும்பாலும் முதலில் நிறம் மாறுவது அதுதான். முள்ளின் அடியைச் சுற்றி, பிளாஸ்டிக்கோடு சேரும் இடத்தில், தேத்தாரே (பால் தேநீர்) நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருக்கும். பித்தளை பளபளப்பு இழந்து நீலமும் கறுப்புமாக மாறியிருக்கும். சாக்கெட்டின் அந்தத் துளையும் லேசாக மஞ்சளடித்து வாய் அகன்றிருக்கும்.

அப்புறம் வாடை. சில வகை பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது மீன் வாடை போல ஒன்றை வெளிவிடும். நம் அடுக்குமாடியில் சாயங்காலம் யார் வீட்டிலாவது கருவாடு பொரித்துக்கொண்டுதான் இருப்பார்கள், அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. கார் நிறுத்துமிடத்திலோ, டிபி பாக்ஸ் பக்கத்திலோ, சமையல் இல்லாத நேரத்திலோ அந்த வாடை வந்தால் அது கருவாடு அல்ல. உடனே மெயினை அணையுங்கள்.

செய்ய வேண்டியது: பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பழையது புதியதையும் கெடுத்துவிடும். சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ளதை வாங்குங்கள். பின்னால் போகும் வயரின் காப்புறை கருகியிருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி மறுபடி இணைக்க வேண்டும். சார்ஜரில் மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் 8 ஆம்பியருக்கு வையுங்கள். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் 10-லிருந்து 8-க்கு இறக்கினாலே முனையின் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நிரந்தரத் தீர்வு என்னவென்றால், காருக்கென்று தனி லைன், தனி பிரேக்கர், சுவரில் பொருத்தும் சார்ஜர்.

எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. அதிலும் சுருளில் சுற்றியபடியே போட்டால் உள் சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி உருகும். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிரேக்கர் விழுகிறது

இங்கே எப்போது விழுகிறது என்பதுதான் முக்கியம். வயர்மேனை அழைக்கும் முன் இதைக் குறித்து வையுங்கள், வேலை பாதி முடிந்த மாதிரி. எது விழுகிறது என்பதையும் பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ளது ஆர்சிசிபி.

சார்ஜரின் துப்பாக்கியை (கேபிள் முனையில் உள்ள கைப்பிடிப் பிளக்கை) காரில் செருகிய உடனே ஆர்சிசிபி விழுந்தால், அதைக் காரிலிருந்து கழற்றிவிட்டு சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு சார்ஜரிலோ அதற்கு வரும் வயரிலோ இருக்கிறது. காரைச் செருகினால் மட்டும் விழுந்தால், அதே காரை வெளியே பொது சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் மறுத்தால் கார்க் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

இரவு ஏழு எட்டு மணிக்கு மட்டும் மெயின் விழுந்தால் அது சுமை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர். குளிக்கும் 3.6 கிலோவாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 16. இரண்டு ஏர்கான் சேர்ந்து 9. கெட்டல் 10. மொத்தம் 67 ஆம்பியர். சிங்கிள் பேஸ் வீட்டின் மெயின் 63 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட அது மீறிவிட்டது. பழைய பிளாட்டுகளில் மெயின் அதைவிடச் சிறியதாகவும் இருக்கும். சார்ஜை நள்ளிரவுக்கு மேல் தொடங்கும்படி டைமர் வையுங்கள். அல்லது வீட்டின் சுமையைப் பார்த்துத் தானே இறங்கிக்கொள்ளும் சார்ஜரைப் போடுங்கள்.

ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் எம்சிபி விழுகிறதா? அதைத் தொட்டால் சுடுகிறதா? முதலில் எம்சிபியின் திருகுகளை வயர்மேன் இறுக்கிப் பார்க்க வேண்டும், அங்கேயே லூசாக இருந்தால் அந்தச் சூட்டில் அது விழும். அவை சரியாக இருந்தால் இதுதான் காரணம்: வீட்டு எம்சிபியின் மேல் எழுதியிருக்கும் அளவு 30 டிகிரி வெப்பத்துக்கானது. நம் ஊரில் காற்றோட்டமில்லாத டிபி பாக்ஸின் உள்ளே 40 டிகிரி சாதாரணம். 32 ஆம்பியர் பிரேக்கரில் 32 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடினால் அது விழத்தான் செய்யும்.

"அண்ணே, பிரேக்கர் வீக் போல, பெருசா ஒண்ணு மாத்திடுங்களேன்" என்று சொல்வார்கள். பிரேக்கர் காப்பாற்றுவது காரை அல்ல, சுவருக்குள் ஓடும் கேபிளை. கேபிளின் அளவு, நீளம், எத்தனை கேபிள்களோடு ஒரே டிரங்கிங்கில் (கேபிள்கள் போகும் மூடிய பெட்டிக் குழாயில்) போகிறது என்பதையெல்லாம் பார்க்காமல் 40 ஆம்பியர் போட்டால், கேபிள் உருகும் வரை பிரேக்கர் சும்மா இருக்கும். கேபிள் தாங்கும் என்றால் மாற்றலாம். தாங்காது என்றால் சார்ஜரை 24 ஆம்பியருக்கு இறக்குங்கள். காலைக்குள் கார் எப்படியும் நிறைந்துவிடும்.

மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் எங்கேயோ ஈரம். பேஸ்மெண்ட் கூரையிலிருந்து சொட்டும் நீர் டிரங்கிங் வழியாக இறங்கி சார்ஜர் பெட்டிக்குள் தேங்கும். வெயில் அடித்ததும் காய்ந்து எல்லாம் சரியானது போல இருக்கும். இதை 500 வோல்ட் மெக்கர் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். காப்பு 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்த லைனை மூடிவிட வேண்டும்.

ஆர்சிசிபி ஒருபோதும் விழுவதே இல்லை என்பதும் ஒரு அறிகுறிதான். டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். அது விழுந்தாலும் இன்னொன்றைப் பாருங்கள். ஆர்சிசிபியின் முகத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். ஒற்றை அலைக் கோடு மட்டும் இருந்தால் அது ஏசி வகை. காரின் சார்ஜர் கோளாறானால் நேர்மின் (டிசி) கசிவு வரலாம். அந்தக் கசிவு ஏசி வகை ஆர்சிசிபியை மரத்துப்போகச் செய்யும், நிஜமான கசிவு வந்தாலும் அது விழாது. காருக்கு 30 மில்லிஆம்பியர் பி வகை ஆர்சிசிபி வேண்டும். அல்லது 6 மில்லிஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டு நிறுத்தும் வசதி சார்ஜருக்குள் இருந்து, கூடவே ஏ வகை ஆர்சிசிபி வேண்டும். உங்கள் வயர்மேனிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு, "எர்த் இல்லை"

பழைய பிளாட்டுகளில் இது அடிக்கடி வரும். எர்த் வயர் எங்கேயோ அறுந்திருக்கும், அல்லது துரு ஏறியிருக்கும். சார்ஜர் சரியாகத்தான் மறுக்கிறது.

இதற்கு ஆன்லைனில் ஒரு "தீர்வு" விற்கிறார்கள். சின்ன அடாப்டர், உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்திருப்பார்கள். சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும், சார்ஜும் ஏறும். ஆனால் நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் காரின் முழு உடம்பிலும் 230 வோல்ட் வந்துவிடும். ஈரத் தரையில் நின்று கதவைத் திறக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் உடைத்துப் போடுங்கள். எர்த்தைச் சரிசெய்வது பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான்.

சார்ஜ் வேகம் பாதியாகிவிட்டது

எப்போதும் பயப்பட வேண்டியதில்லை. வெளியே வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் கார் தானே வேகத்தைக் குறைக்கும், வீட்டு சார்ஜரில் கிட்டத்தட்ட நிறையும்போது குறைக்கும். பேட்டரி சூடாக இருந்தாலும் குறைக்கும். ஆனால் 40, 50 சதவீதத்திலேயே, அதுவும் ஒரே சார்ஜரில் மட்டும் குறைந்தால், துப்பாக்கியின் முனையில் உள்ள வெப்ப உணரி எதையோ கண்டுகொண்டது என்று பொருள். முனையில் கறுப்பு, உருகல், உள்ளே மண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கேபிளை மாற்றுங்கள்.

ஸ்கூட்டர் பேட்டரி வீங்கியிருக்கிறது, சூடாக இருக்கிறது

அடுக்குமாடியில் எனக்குக் காரைவிடப் பெரிய கவலை இதுதான். கார் பேஸ்மெண்டில் நிற்கிறது. ஸ்கூட்டர் பேட்டரி வீட்டு ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், எல்லாரும் தூங்கும்போது சார்ஜாகிக்கொண்டிருக்கிறது.

ஸ்வீடன் அரசின் பேரிடர் பாதுகாப்பு அமைப்பு 2022-க்கு எடுத்த கணக்கில் மின்சார வாகனத் தீ மொத்தம் 106. அதில் நின்றபடி ஓட்டும் ஸ்கூட்டர்கள் 38, கார்கள் 23, சைக்கிள்கள் 20. நியூயார்க் நகரத்தில் 2023-இல் மட்டும் மின்சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். பக்கத்து சிங்கப்பூரில் 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடியில் ஸ்கூட்டர்கள் இருந்த வீட்டில் தீப்பிடித்து ஒருவர் இறந்தார். 2020 ஜூலையிலிருந்து அங்கே யூஎல் 2272 தீப்பாதுகாப்புச் சான்று இல்லாத மின்ஸ்கூட்டரைப் பொதுப் பாதையில் ஓட்ட முடியாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: பேட்டரிப் பெட்டியின் மூடி இடைவெளி விட்டிருக்கிறது. நெயில் பாலிஷ் போல இனிப்பான ஒரு வாடை. சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் சூடு. நேற்று 40 கிலோமீட்டர் ஓடியது இன்று 15-இல் நிற்கிறது. கீழே விழுந்து ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. இதில் எது இருந்தாலும் மறுபடி சார்ஜ் போடக்கூடாது. "நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடுச்சு" என்பார்கள் தம்பிமார்கள். நேற்று வரை நன்றாக ஓடிய பேட்டரிதான் இன்றைக்குத் தீப்பிடிக்கும்.

வீங்கியிருக்கிறது, ஆனால் புகையோ சத்தமோ இல்லை, தொட்டால் ஆறியிருக்கிறது என்றால், ஜாகாவிடம் (காவலரிடம்) சொல்லிவிட்டுக் கட்டடத்துக்கு வெளியே, வண்டிகளும் மரமும் இல்லாத சிமெண்ட் தரையில் வையுங்கள். லிஃப்டில் கொண்டு போகாதீர்கள். குத்தாதீர்கள், பிரிக்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். சூடாகவோ சீறும் சத்தத்தோடோ இருந்தால் தூக்கவே வேண்டாம். அறைக் கதவைச் சாத்தி எல்லாரும் வெளியேறுங்கள்.

சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. 36 வோல்ட் பேட்டரிக்கு உரிய சார்ஜர் 42 வோல்ட் தரும். 48 வோல்ட்டுக்கு உரியது 54.6 தரும். பல வண்டிகளில் இரண்டுக்கும் முனை ஒன்றுதான், அழகாகப் பொருந்தும். வீட்டில் இரண்டு ஸ்கூட்டர் இருந்தால் அண்ணன் சார்ஜரைத் தம்பி வண்டியில் போட்டுவிடுவான். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் தரமானதாக இருந்தால் தடுக்கும், மலிவானதை நம்ப முடியாது. சார்ஜர் மேலும் வண்டி மேலும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டி வையுங்கள்.

வைக்கும் இடமும் அதே அளவு முக்கியம். வாசலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும் இடமே நீங்கள் தப்பிக்கும் வழியாகிவிடும். இரவு தூங்கும்போது வேண்டாம். சாயங்காலம் எல்லாரும் விழித்திருக்கும்போது போட்டு எடுத்துவிடுங்கள். படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் கூடவே கூடாது. உணவு கொண்டு போகும் வேலையில் இருக்கும் பையன்களுக்கு வேறு இடமில்லை என்பது தெரியும். அவர்களைத் திட்டி அனுப்புவதைவிட, தரைத்தளத்தில் திறந்த இடத்தில் கூரை போட்டு, நல்ல வயரிங்கோடு ஒரு சார்ஜிங் இடம் செய்து கொடுப்பது மேனேஜ்மெண்டின் கடமை என்றே நான் சொல்வேன்.

வெள்ளத்தில் நின்ற கார்

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியதையும் 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். பேஸ்மெண்டில் தண்ணீர் ஏறும்போது காரைக் காப்பாற்ற இறங்காதீர்கள். சார்ஜர் லைனில் இன்னும் மின்சாரம் இருந்தால் தண்ணீரே அபாயம். மேலே உள்ள மெயின் சுவிட்ச் அறையிலிருந்து முதலில் அணைக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ வேண்டாம். சமதளத் தட்டுள்ள இழுவை லாரியில் ஏற்றி, திறந்த வெளியில், மற்ற வண்டிகளிலிருந்து 15 மீட்டர் தள்ளி வையுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் கவனம். 2022-இல் ஃபுளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு, கடல் நீரில் நின்ற மின்சாரக் கார்கள் நாள் கணக்கில், வாரக் கணக்கில் கழித்தும் தீப்பிடித்தன. உப்பு உள்ளே படிந்து மெல்ல மெல்ல ஷார்ட் ஆவதுதான் காரணம். ஜார்ஜ்டவுனில் கடல் பெருக்கும் மழையும் சேர்ந்து வரும் நாளில் கரையோரம் கார் நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

காரின் அடியில் வெள்ளைப் புகை, பட் பட் என்று சத்தம்

லித்தியம் செல்லுக்குள் இரண்டு முனைகளையும் பிரித்து வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். அடிபட்டோ, தயாரிப்புக் குறையாலோ ஒரு செல் சூடேறி 130 டிகிரியை நெருங்கும்போது அது உருகத் தொடங்கும். உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு தன்னைத் தானே வளர்க்கும், பக்கத்து செல்லுக்கும் தாவும். வெளியே வரும் அடர்ந்த வெள்ளைப் புகை நீராவி அல்ல. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு எல்லாம் கலந்த, எரியக்கூடிய நச்சுப் புகை. ஒரு முறை மூச்சிழுத்துப் பார்ப்போம் என்று கிட்டே போகாதீர்கள்.

இப்போது நம் ஊரில் ஓடும் பல கார்களில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. அது சூட்டை அதிகம் தாங்கும், எளிதில் இந்த நிலைக்கு வராது. ஆனால் வந்தால், தீப்பிடிக்காமல் வாயு மட்டும் மூடிய இடத்தில் தேங்கி வெடிக்கும் அபாயம் உண்டு. "நம்ம கார் எல்எஃப்பி, ஒண்ணும் ஆகாது" என்று கிட்டே நிற்க வேண்டாம்.

தாழ்வாரத்தில் தொங்கும் 9 கிலோ பவுடர் அணைப்பான் எரியும் சாக்கெட்டுக்குப் பயன்படும், மின்சாரத்தை அணைத்த பிறகு. பேட்டரிப் பெட்டிக்குப் பயன்படாது, ஏனென்றால் அங்கே தேவை குளிர்விப்பது. அதற்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும், அது பொம்பாவின் வேலை. வெளியேறும் வழியில் கைக்கு எட்டினால் சார்ஜரின் மெயினை அணையுங்கள். காரை நகர்த்தவோ துப்பாக்கியைப் பிடுங்கவோ முயலாதீர்கள். அணைந்த கார் பல மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றும், அதனால் பேஸ்மெண்டிலேயே விட்டுவைக்கக்கூடாது.

அலாரம் பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது

இந்த ஒன்று வீட்டுக்காரர்களுக்கு அல்ல, கட்டட நிர்வாகத்துக்கு. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில், ஒரு அடுக்குமாடியின் நிலத்தடி கார் நிறுத்துமிடத்தில் மின்சாரக் கார் ஒன்று தீப்பிடித்தது. அது சார்ஜில் இல்லை. இரண்டு நாளுக்கு மேலாகச் சும்மா நின்றிருந்த கார். அலாரம் அடித்தது. பணியில் இருந்தவர், தீயின் மேல் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லரின் நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டார். தண்ணீர் வரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் சேதமாயின, இருபதுக்கும் மேற்பட்டோர் புகையால் மருத்துவமனைக்குப் போனார்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நாள் கணக்கில் தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் தவித்தன.

பொய் அலாரம் அடித்து அடித்துப் பழகிய இடத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். உங்கள் ஜாகா அறைக்குப் போய் பேனலைப் பாருங்கள். "ஃபால்ட்" என்ற விளக்கு எரிகிறதா? ஒலியை அடக்கிவிட்டு மேலே பேப்பர் ஒட்டியிருக்கிறார்களா? ஸ்பிரிங்க்லர் வால்வு திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறதா? பம்ப் அறையில் சுவிட்ச் "ஆட்டோ"வில் இருக்கிறதா, "ஆஃப்"பிலா? இதற்கு இன்ஜினியர் வேண்டாம், குடியிருக்கும் யாரும் பார்க்கலாம். சரியில்லை என்றால் புகைப்படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது அடுத்த மாதக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

மேனேஜ்மெண்ட் சார்ஜருக்கு அனுமதி தரமாட்டேன் என்கிறது

பயத்தில் போடும் தடை ஆபத்தைக் குறைப்பதில்லை. கார்கள் வந்துகொண்டுதான் இருக்கும், ஒழுங்கான சார்ஜர் கிடைக்காதவர்கள் வேக்கம் கிளீனர் சாக்கெட்டுக்கே போவார்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையக் கார் நிறுத்துமிடம் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் அழிந்தன. அது தொடங்கியது ஒரு டீசல் காரில். அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்லர் இல்லை. எந்த எரிபொருள் கார் ஆனாலும் பேஸ்மெண்டைக் காப்பது ஸ்பிரிங்க்லரும் புகையை வெளியேற்றும் விசிறியும்தான்.

2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின்படி பொதுச் சொத்தில் கேபிள் இழுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் கார் இடம் வீட்டோடு சேர்ந்த துணைப் பகுதியா, பொதுச் சொத்தா என்பதை முதலில் பத்திரத்தில் பாருங்கள். அப்புறம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். எரிசக்தி ஆணையத்தில் (சுருஹான்ஜாயா தெனாகா) பதிவு பெற்ற வயர்மேனின் பெயரும் பதிவு எண்ணும், கேபிள் போகும் பாதையின் வரைபடம், பிரேக்கர் மற்றும் ஆர்சிசிபி வகை, சுமைக் கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். சுமைக் கணக்குதான் நிர்வாகத்துக்கு நியாயமான கவலை. நாற்பது பேர் ஆளுக்கு 7.4 கிலோவாட் கேட்டால் கிட்டத்தட்ட 300 கிலோவாட் ஆகிறது, பழைய கட்டடத்தின் மெயின் போர்டு அதற்குக் கட்டியதல்ல. அதனால் தனித்தனியாக அனுமதி கொடுப்பதைவிட, மொத்தச் சுமையைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒரே அமைப்பைப் பொதுவில் போடுவது நல்லது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.

ரைசர் (கேபிள்கள் தளம் தளமாக ஏறும்) அறையில் வெளிச்சம் தெரிகிறது

கடைசியாக, சார்ஜர் போட்டு முடித்த பிறகு பார்க்க வேண்டிய ஒன்று. இதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. உங்கள் மீட்டரிலிருந்து பேஸ்மெண்டுக்குக் கேபிள் இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் சிமெண்டைத் துளைத்திருப்பார்கள். ரைசர் கதவைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டுக் கீழே பாருங்கள். கேபிளைச் சுற்றிக் கீழ்த்தளத்து வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் ஓட்டையை அடைக்கவில்லை. பேஸ்மெண்டில் புகை கிளம்பினால் அந்த வழியாகத்தான் இருபதாவது மாடிக்கு ஏறும். சாதாரண மஞ்சள் ஃபோம் அடித்துவிட்டுப் போவார்கள், அது எரியும். தீயைத் தாங்கும் பூச்சு அல்லது தீத்தடுப்பு அடைப்புதான் வேண்டும். எத்தனை தளத்தைத் துளைத்தார்களோ அத்தனை ஓட்டைக்கும் அடைத்த பிறகு எடுத்த புகைப்படத்தை வயர்மேனிடம் கேட்டு வாங்கிய பிறகே மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.